அப்பாவு வழிமொழிகிறார்

கூட்டம் என்று ஒன்று எங்கே கூடினாலும் அங்கே மூன்று ரக மனிதர்கள் இருப்பார்கள். முன்மொழிகிறவர் ஒருவர். எதிர்க்கிறவர் ஒருவர். இந்த இரண்டு பேரைப் பற்றியும் ஊரில் வேண்டிய மட்டும் பேசியாகிவிட்டது. மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். "வழிமொழிய யாரு?" என்று தலைவர் கேட்டு வாயை மூடுவதற்குள் கையைத் தூக்குகிறவர். தீர்மானம் என்னவென்று அவருக்குத் தெரியாது; தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. தூக்கிய கையை இறக்கிய பிறகுதான் பக்கத்தில் இருப்பவரிடம், "என்னாவாம்?" என்று மெதுவாகக் கேட்பார். அவரை நீங்கள் கோயில் கூட்டத்தில் பார்த்திருக்கிறீர்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பார்த்திருக்கிறீர்கள், தாமான் குடியிருப்பாளர் கூட்டத்தில் முன் வரிசையில் பார்த்திருக்கிறீர்கள். பார்த்திருக்கிறீர்கள்தானே? தலையை ஆட்டினால் போதும். நல்லது, மேலே போவோம்.

இவரை ஆமாஞ்சாமி என்று நினைத்துவிடாதீர்கள். ஆமாஞ்சாமிக்கு ஒரு முதலாளி உண்டு, ஒரு கணக்கு உண்டு, எதற்கு ஆமாம் போட்டால் என்ன கிடைக்கும் என்ற விவரம் உண்டு. வழிமொழிகிறவருக்கு அதெல்லாம் இல்லை. கூட்டத்தில் பேச்சு நின்று ஒரு மௌனம் விழுகிறது பாருங்கள், அது அவருக்குத் தாங்காது. யாரோ வீட்டுக் குழந்தை பசியில் அழுவதைப் போல அந்த மௌனம் அவரைப் பிடுங்கி எடுத்துவிடும். உடனே கையைக் கொடுத்து அதை அமர்த்திவிடுவார். நல்ல மனிதர். ரொம்ப நல்ல மனிதர். அதுதான் தொல்லையே.

ஈப்போவில் இருக்கும் அப்பாவு இந்த இனத்தின் அசல் வார்ப்பு. செமோருக்கு உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அந்தத் தோட்டம் இப்போது தாமானாகிவிட்டது. பால் மரம் நின்ற இடத்தில் மாடி வீடும், பால் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஸ்டோர் இருந்த இடத்தில் கார் கழுவும் கடையும் இருக்கின்றன. அப்பாவு படித்து, அரசாங்க இலாகா ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, யார் மனத்தையும் நோகடிக்காமல் அதிகாரியாகி, யாருக்கும் நினைவில்லாத ஒரு நாளில் ஓய்வு பெற்றவர். வீட்டுக்காரம்மா புஷ்பலதா. பிள்ளைகள் சிங்கப்பூரில்.

அவருக்கு ஞானோதயம் ஏற்பட்டது இள வயதில், தோட்டத்து மாரியம்மன் கோயில் கூட்டத்தில். திருவிழாவுக்கு ஒலிபெருக்கி வைக்க வேண்டும் என்று ஒருவர் முன்மொழிந்தார். வேண்டாம் என்று ஒருவர் எதிர்த்தார். அப்பாவு சும்மா கையைத் தூக்கி வழிமொழிந்தார். என்ன ஆயிற்று? முன்மொழிந்தவர் ஒலிபெருக்கிக்காரனைத் தேடி வெயிலில் அலைந்தார். எதிர்த்தவருக்கும் தலைவருக்கும் பேச்சுவார்த்தை நின்று, சாகும்வரை ஒட்டவில்லை. வழிமொழிந்த அப்பாவுக்கோ எல்லாரும் சிரித்த முகத்தோடு பாயசம் ஊற்றினார்கள். முன்மொழிந்தவனுக்கு வேலை, எதிர்த்தவனுக்குப் பகை, வழிமொழிந்தவனுக்குப் பாயசம்! இந்தச் சூத்திரத்தைக் கண்டுபிடித்த பிறகு ஒரு மனிதன் வேறு எதையாவது தேடி அலைவானா? நீங்களே சொல்லுங்கள். மாட்டான்தானே?

அப்பாவும் அலையவில்லை. கோயிலில் வழிமொழிந்தார். கூட்டுறவுச் சங்கத்தில் வழிமொழிந்தார். சம்பளத்தைக் கூட்ட வேண்டும் என்ற தீர்மானத்தைத் தொழிற்சங்கத்தில் காலையில் வழிமொழிந்து, கூட்டவே முடியாது என்ற தீர்மானத்தை இலாகாக் கூட்டத்தில் மாலையில் வழிமொழிந்தார். இரண்டு தரப்புக்கும் அவர் மேல் மிகுந்த மரியாதை.

இப்படிப்பட்டவர் ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தின் இயக்குநர் வாரியத்துக்கு எப்படிப் போனார் என்று கேட்கிறீர்களா? கோலா கங்சாருக்கு அப்பால் மலையடிவாரத்தில் இருக்கிறது அந்தப் பல்கலைக்கழகம். பெயர் நமக்கு வேண்டாம். வாரியத்தில் நம் சமூகத்திலிருந்து ஓர் ஆள் வேண்டும் என்று மேலிடத்தில் கேட்டார்கள். அவ்வளவுதான், நம் சங்கங்களுக்குள் குடுமிப்பிடிச் சண்டை! இவர் ஒரு பெயர் அனுப்ப, அந்தப் பெயர் ஆகாது என்று அவர் மொட்டைக் கடுதாசி அனுப்ப, அவர் அனுப்பிய பெயருக்கு மூன்றாமவர் வேட்டு வைத்தார். கடைசியில் எல்லாரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட ஒரே பெயர் அப்பாவு. ஏன் என்றால் அடித்துக்கொண்ட அத்தனை பேரையும் அவரவர் பதவிக்கு வழிமொழிந்தவர் அவர்தான்.

வாரியம் என்றால் லேசுப்பட்டதல்ல. பல்கலைக்கழகத்தை மேற்பார்வை பார்ப்பது அதன் வேலை. எந்தப் பாடம் இருக்கலாம், எந்தப் பாடம் போகலாம், எந்தக் கட்டடம் எழும்ப வேண்டும், துணைவேந்தர் சொல்வதைச் செய்தாரா, செய்ததைச் சொன்னாரா என்று தட்டிக் கேட்பதற்காகவே நாலாபுறத்திலிருந்தும் பெரிய மனிதர்களைப் பொறுக்கியெடுத்து நீள மேசையைச் சுற்றி உட்கார வைத்திருக்கிறார்கள். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே தலையணைக் கனத்துக்குக் கோப்பு வீட்டுக்கு வந்துவிடும். அதைப் படிக்க வேண்டும் என்று ஒரு விதி இருப்பதாகக் கேள்வி. அப்பாவு வீட்டில் அது வந்த மறுநாளே தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழே போய்விடும். பெட்டி கொஞ்சம் உயரமாக இருந்தால் புஷ்பலதாவுக்குக் கழுத்து வலிக்காது.

வாரியத்தில் இரண்டு மந்திரங்கள் தெரிந்தால் போதும் என்பதை அப்பாவு முதல் கூட்டத்திலேயே பிடித்துக்கொண்டார். இரண்டும் மலாய். ஒன்று, 'அம்பில் மக்லும்'. அதாவது, கவனத்தில் எடுத்துக்கொள்கிறோம். மாணவர் விடுதியில் மின்தூக்கி ஓடவில்லையா? அம்பில் மக்லும். கூரை ஒழுகுகிறதா? அம்பில் மக்லும். ஒழுகிய கூரையே இடிந்து விழுந்துவிட்டதா? அதுவும் அம்பில் மக்லும். கவனத்தில் எடுத்துக்கொண்டதை அப்புறம் எங்கே கொண்டுபோய் வைக்கிறார்கள் என்று இன்றுவரை யாரும் கேட்டதில்லை.

இரண்டாவது மந்திரம் 'சொக்கோங்'. ஆதரிக்கிறேன், வழிமொழிகிறேன். வாரியத் தலைவரை எல்லாரும் அவர் வாங்கிய பட்டத்தாலேயே தான்ஸ்ரீ என்பார்கள்; பழைய காலத்து கிளப்களில் தலைமை தாங்கிப் பழகியவர். எந்தத் தீர்மானத்துக்கும் முன்மொழிய ஒரு கை, வழிமொழிய ஒரு கை வேண்டும் என்பதில் கறாரானவர். வழிமொழிய ஆள் இல்லையென்றால் எவ்வளவு பெரிய திட்டமாக இருந்தாலும் அதிகாரிகளிடமே திருப்பி அனுப்பிவிடுவார். அப்படி அனுப்பும் நிலைமைதான் வந்ததே இல்லை. தான்ஸ்ரீ முகத்தை நிமிர்த்துவதற்குள் பாத்திக் சட்டைக் கையொன்று மேசையின் தெற்கு மூலையில் எழுந்து நிற்கும். "சொக்கோங், தான்ஸ்ரீ." அப்பாவு வந்த பிறகு கூட்டங்கள் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே முடிந்துவிடுகின்றன என்று செயலகத்தில் எல்லாருக்கும் அவர் மேல் தனிப் பிரியம்.

மேற்பார்வையும் பார்த்திருக்கிறார், குறை சொல்லக் கூடாது. வருடத்துக்கு ஒரு முறை வளாகத்தைச் சுற்றிப் பார்க்க அழைத்துப் போவார்கள். மாணவர் உணவகத்தில் கோழிக் குழம்பை ஒரு கரண்டி வாயில் விட்டு, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் நின்று, "உப்பு கரெக்ட்" என்று சொல்வார். பின்னால் வரும் அதிகாரிகள் அத்தனை பேரும் குறித்துக்கொள்வார்கள்.

இப்படித் தேர் நேராக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் தினேஸ்வரி வீட்டுக்கு வந்தாள். அப்பாவு பிறந்த அதே தோட்டத்துச் சின்னையாவின் பேத்தி. செமோரில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. ஷிப்ட் முடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஈப்போவுக்கு வந்து, அந்தப் பல்கலைக்கழகம் ஒரு கடைவீட்டு மாடியில் நடத்தும் மாலை வகுப்பில் படிக்கிறாள். கணக்கியல் பட்டம், இன்னும் ஒரே ஒரு வருடம் பாக்கி. அந்த மாடியில் படிப்பவர்கள் எல்லாருமே அப்படித்தான். லாரி ஓட்டுகிறவர், மருந்துக்கடையில் நிற்கிற பெண், பள்ளி முடித்த கையோடு வேலைக்குப் போய்விட்டு இப்போது ஏக்கத்தோடு திரும்பி வந்திருப்பவர்கள்.

"அங்கிள், எங்க கிளாஸ மூடப் போறாங்களாம்," என்றாள் தினேஸ்வரி, உட்காராமலே. "வளத்த ஒருங்கிணைக்கிறோம்னு பேரு வச்சிருக்காங்க. எல்லாரும் மெயின் கேம்பஸ்ல பகல்ல வந்து படிக்கணுமாம். பகல்ல வேலைய விட்டுட்டு நாங்க எப்படிப் போறது? அம்மாவுக்கு டயாலிசிஸ் இருக்கு அங்கிள். வேலைய விட முடியாது. கிளாஸ மூடுனா நான் படிப்பதான் விடணும்."

அப்பாவுக்கு உண்மையாகவே நெஞ்சு கனத்துவிட்டது. சின்னையா அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு தீமிதி பார்க்கக் கூட்டிப் போனவர். "நான் என்னாமா செய்யணும்? பேசணுமா? பேசறது கொஞ்சம் சூசாதான் லா, கஷ்டம். தான்ஸ்ரீ முன்னால..."

"பேச வேணாம் அங்கிள். எங்க சென்டர் பொறுப்பாளரு விசாரிச்சிட்டாரு. மீட்டிங்ல நிறைய பேருக்கு இது புடிக்கல. துணைவேந்தருக்கே அரை மனசுதானாம். ஆனா யாரும் வாயத் தொறந்து வேணாம்னு சொல்ல மாட்டாங்க. வழிமொழிய ஆள் இல்லன்னா தான்ஸ்ரீ பேப்பரத் திருப்பி அனுப்பிடுவாரு. அது போதும் எங்களுக்கு. நீங்க கையத் தூக்காம சும்மா இருந்தா போதும்."

"சும்மா இருக்கறதுதானே!" அப்பாவு வாய்விட்டுச் சிரித்தார். "அட, இது என்னா பெரிய வேலை? நீ நிம்மதியா போய்ப் படிமா. உன் தாத்தா மேல சத்தியம், இந்தக் கை எழும்பாது."

தினேஸ்வரி கண் கலங்கக் கும்பிட்டுவிட்டுப் போனாள். கதவைச் சாத்திவிட்டு வந்த புஷ்பலதா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"உங்களால முடியாது," என்றாள்.

"என்னா முடியாது? ஒண்ணும் செய்யாம இருக்கறதுகூடவா முடியாது?"

"சரி, பாப்போம். நாளைக்குக் காலையில தோசை. யாரு சொக்கோங்?"

கை போய்விட்டது மேலே. அப்பாவு அதைப் பார்த்தார், புஷ்பலதாவும் பார்த்தாள். அன்றிலிருந்து கூட்ட நாள் வரை வீட்டில் பயிற்சி நடந்தது. புஷ்பலதா சமையல் கட்டிலிருந்து திடீரென்று, "சிம்பாங் பூலாய்க்குப் போய் காய் வாங்கணும், சொக்கோங்?" என்பாள். குளியலறைக் கதவைத் தட்டி, "உங்க தம்பிக்குக் கார இரவலாக் குடுக்கலாம், சொக்கோங்?" என்பாள். முதலில் எல்லாவற்றுக்கும் எழும்பிய கை, பிறகு பாதி எழும்பி இறங்கியது, கடைசியில் வெறும் சுண்டுவிரல் மட்டும் துடித்தது. கூட்டத்துக்குப் புறப்படும்போது அப்பாவு வாசலில் நின்று, "கிளினிக்குப் போகாமலே குணமாயிட்டேன் பாத்தியா?" என்று சவால் விட்டார். புஷ்பலதா திருநீற்றை எடுத்து, நெற்றியில் பூசாமல், வலது கையில் பூசி அனுப்பினாள்.

மேசையைச் சுற்றி எல்லாரும் வந்தாயிற்று. தே தாரிக் தேநீரும் தட்டு நிறையக் கரிபாப் பலகாரமும் வந்தாயிற்று. முந்தைய கூட்ட நடவடிக்கைகளை அப்பாவு கணீரென்று வழிமொழிந்தார்; அது வேறு விஷயம், அதற்குத் தடை கிடையாது. அப்புறம் அந்தத் தீர்மானம் வந்தது. அதிகாரி ஒருவர் திரையில் வண்ண வண்ணமாக வட்டங்கள் காட்டி, ஈப்போ மாலை வகுப்பை ஒருங்கிணைத்தால் பல்கலைக்கழகம் எப்படியெல்லாம் சிறக்கும் என்று விளக்கினார். மூடுவது என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. ஒரு வாரிய உறுப்பினர் கடமைக்கு முன்மொழிந்தார், குரலில் உயிரே இல்லை. துணைவேந்தர் தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வழிமொழிய?" என்றார் தான்ஸ்ரீ.

அப்பாவு தன் வலது கையைத் தொடைக்கு அடியில் போட்டு அழுத்தி உட்கார்ந்தார். மௌனம் விழுந்தது. பேராசிரியர் ஒருவர் கோப்பைப் புரட்டினார். முன்னாள் மாணவர் பிரதிநிதி கூரையைப் பார்த்தார். குளிர்சாதனக் கருவி ஙொய் என்று இரைந்தது. அப்பாவுக்கு முதுகில் வியர்த்தது. இன்னும் கொஞ்ச நேரம், சின்னையா அண்ணே, இன்னும் கொஞ்ச நேரம்தான், பேப்பர் திரும்பிப் போயிடும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். தான்ஸ்ரீ அதைத் திருப்பி அனுப்பத்தான் கோப்பை மூடப் போனார். மூடும்போது, இத்தனை காலமாகக் கை எழும்பிய அந்தத் தெற்கு மூலையைத் திரும்பிப் பார்த்தார். வெறுமனே பார்த்திருந்தாலும் பரவாயில்லை. முகத்தில் கவலையோடு, "அப்பாவு, உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்று கேட்டுவிட்டார்.

மேசையே திரும்பி அப்பாவுவைப் பார்த்தது. அத்தனை முகங்களிலும் அன்பு. கல்யாண வீட்டில் இலையில் உட்கார்ந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்தவனைப் போல அப்பாவுக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. "இல்லை இல்லை, தான்ஸ்ரீ, நன்றாக இருக்கிறேன்," என்றார் அவசரமாக. நன்றாக இருப்பதை எப்படிக் காட்டுவது? வலது கை தொடைக்கு அடியில் திருநீற்றோடு பத்திரமாகத்தான் இருந்தது. எழும்பியது இடது கை.

"சொக்கோங், தான்ஸ்ரீ."

புஷ்பலதா இடது கைக்குப் பயிற்சி கொடுக்கவில்லை, பாவம்.

தான்ஸ்ரீயின் முகம் மலர்ந்தது. "பாதிக்கப்படுகிறவர்களில் பெரும்பாலோர் உங்கள் சமூகத்தவர் என்பதால்தான் எனக்கே கொஞ்சம் தயக்கம் இருந்தது. நீங்களே வழிமொழிந்துவிட்டீர்கள். இனி எனக்குக் கவலையில்லை," என்றார். தீர்மானம் நிறைவேறியது. இறக்கிய இடது கையை அப்பாவு மடியில் வைத்துக்கொண்டு வேறு யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்தார். மற்ற விஷயங்கள் என்ற கட்டம் வந்தபோது எப்படியாவது சொல்லிவிடுவது என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தார். "தான்ஸ்ரீ..." என்றார். எல்லாரும் திரும்பினார்கள். "இன்றைய கரிபாப் மிகவும் நன்றாக இருந்தது. அதைக் குறிப்பில் பதிவு செய்ய வேண்டும்." அவர் வாழ்நாளில் தாமாக முன்மொழிந்த முதல் தீர்மானம் அது. அதை வழிமொழிய மேசையைச் சுற்றி அத்தனை கைகளும் எழும்பின.

வீட்டு வாசலில் தினேஸ்வரி காத்திருந்தாள். தொழிற்சாலை உடுப்பு, கையில் தலைக்கவசம். அப்பாவு காரை விட்டு இறங்கும் முன்பே, "என்னா அங்கிள் ஆச்சு?" என்றாள்.

உண்மையைச் சொல்லத்தான் நினைத்தார். சத்தியமாக நினைத்தார். ஆனால் அவள் முகத்தில் அந்த எதிர்பார்ப்பு, அதற்குப் பின்னால் வந்த அந்த மௌனம்! அதை எப்படியாவது அமர்த்தியாக வேண்டுமே. "பாஸாயிருச்சுமா," என்றார். "நான் எவ்வளவோ போராடிப் பாத்தேன். தனி ஆளு லா, என்னா செய்ய முடியும்?"

போராடினார் என்ற சொல் ஒன்று போதாதா நம் ஊருக்கு? மறுநாள் அது வாட்ஸாப்பில் ஏறியது. மேசையைத் தட்டினார் என்று ஒருவர் சேர்த்தார். கோப்பைத் தூக்கி எறிந்தார் என்று இன்னொருவர். துணைவேந்தர் கண் கலங்கினாராம். சிம்பாங் பூலாய்ப் பக்கத்தில் மண்டபம் வைத்திருக்கும் சங்கத் தலைவர் இராமசாமி இதைச் சும்மா விடுவாரா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாராட்டு விழா என்று அறிவித்துவிட்டார். மூடுகிற வகுப்புக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்க ஒரு கூட்டம் போடவில்லை. மூடாமல் இருக்கப் போராடித் தோற்றவருக்குப் பொன்னாடை போட மண்டபம் நிறைந்த கூட்டம். நம் ஆட்களுக்குத் தோல்வி என்றால் பிரியாணியோடு கொண்டாடத் தெரியும். இதில் உங்களுக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லையே? இல்லைதானே?

விழா களைகட்டியது. குத்துவிளக்கு, நாதஸ்வரம் ஒலிபெருக்கியில். பேசியவர்கள் எல்லாரும் அப்பாவுவைச் சிங்கம் என்றார்கள். சிங்கம் பொன்னாடைக்குள் நெளிந்தது; புஷ்பலதா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் கூட்டம் கைதட்டியது. வாக்கியம் முடியாவிட்டாலும், பேசுகிறவர் மூச்சு வாங்கினால் தட்டியது. இராமசாமி மரியாதைக்காகப் பல்கலைக்கழகத்திலிருந்தும் ஒருவரை அழைத்திருந்தார். துணைப் பதிவாளர், மலாய்க்காரர், சாது. அவருக்கு இந்தச் சிங்கக் கதையெல்லாம் தெரியாது. ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு மலாயில் நெகிழ்ந்து பேசினார்.

"திரு. அப்பாவு அவர்களைப் பாராட்டுவது மிகவும் பொருத்தம். அன்று எங்களில் யாருக்கும் துணிவு வரவில்லை. வழிமொழிய ஆளில்லாமல் அந்தத் தீர்மானம் திரும்பிப் போயிருக்கும். சமூக நலனைவிடப் பல்கலைக்கழகத்தின் நலனைப் பெரிதாக நினைத்து அவர்தான் வழிமொழிந்தார்!"

மூச்சு வாங்கினார். மண்டபம் கைதட்டியது.

தட்டிக்கொண்டிருக்கும்போதே முன் வரிசையில் சில கைகள் பாதியில் நின்றன. பிறகு நடு வரிசையில் நின்றன. கடைசி வரிசைக்குச் செய்தி போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆனதால் அங்கே மட்டும் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள். துணைப் பதிவாளருக்கு ஒன்றும் புரியவில்லை. தான் குறைவாகப் புகழ்ந்துவிட்டோமோ என்று நினைத்தவர்போல, "இன்றைக்குக்கூட உங்கள் கூட்டத்தில் மறுபரிசீலனை கேட்டு முறையாகத் தீர்மானம் போட்டால் நான் தான்ஸ்ரீயிடம் கொண்டுபோவேன். அவர் நியாயஸ்தர். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் இருந்தால் கட்டாயம் எடுத்துக்கொள்வார்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார், அதுவும் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில்.

நடு வரிசையில் உட்கார்ந்திருந்த தினேஸ்வரி எழுந்தாள். ஒலிவாங்கிக்குப் போகவில்லை, நின்ற இடத்திலிருந்தே பேசினாள். எல்லாருக்கும் கேட்டது.

"அங்கிள், நீங்க செஞ்சது செஞ்சீங்க. நான் அழுது முடிச்சிட்டு அப்புறம் உங்ககிட்ட கேக்கறேன். இப்ப ஒரு தீர்மானம். ஈப்போ மாலை வகுப்ப மூடறத மறுபரிசீலனை செய்யணும்னு இந்தக் கூட்டம் கேட்டுக்குது. நான் முன்மொழியறேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "வழிமொழிய யாரு?"

மௌனம் விழுந்தது.

மண்டபம் முழுக்க அப்பாவுவைத் திரும்பிப் பார்த்தது. கோபமாகக்கூட இல்லை, நம்பிக்கையோடு பார்த்தது. வாழ்நாள் முழுதும் மற்றவர் தீர்மானங்களைத் தாங்கிய அந்தக் கைகள், ஒலிபெருக்கிக்கும் கரிபாப்புக்கும் எழும்பிய அந்தக் கைகள், இப்போது எழும்பாமலா போய்விடும்? அப்பாவுக்கும் அதே ஆசைதான். ஆனால் இந்த முறை கையைத் தூக்கினால் துணைப் பதிவாளர் பார்ப்பார். தான்ஸ்ரீ காதுக்குப் போகும். தான் வழிமொழிந்ததையே தான் எதிர்ப்பதாகிவிடும். எதிர்த்தவனுக்கு என்ன கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியாததா? வலது கையும் வரவில்லை, இடது கையும் வரவில்லை. பொன்னாடையின் ஜரிகையை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். வாழ்நாளில் முதன்முறையாக ஒரு மௌனத்தை முழுசாக உட்கார்ந்து பார்த்தார்.

சரி, அவர்தான் அப்படி. மண்டபம் நிறைய ஆட்கள் இருந்தார்களே? இருந்தார்கள். முன் வரிசை அப்பாவுவைப் பார்த்தது. பின் வரிசை முன் வரிசையைப் பார்த்தது. கையைத் தூக்கினால் நாளைக்கு அந்தக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு நாம்தானே அலைய வேண்டும் என்று சிலருக்குத் தோன்றியது. வேறு யாராவது தூக்குவார்கள் என்று எல்லாருக்கும் தோன்றியது. இராமசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "வழிமொழிய ஆளில்லாததால... சரி, சாப்பாடு ரெடியாயிருச்சு, எல்லாரும் வரிசையா வாங்க." அதற்குக் கூட்டம் ஒரே ஆளாக எழுந்தது.

தினேஸ்வரி சாப்பிடவில்லை. தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். மோட்டார் சத்தம் மண்டபத்துக்குள் கொஞ்ச நேரம் கேட்டது. அவள் படிப்பு அந்த மாதத்தோடு நின்றது.

திரும்பி வரும்போது காரில் புஷ்பலதா ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "அந்தப் புள்ளைக்காக ஒரே ஒரு தடவ கையத் தூக்கியிருக்கலாம். நானும் தூக்கியிருக்கலாம்," என்றாள்.

"நீ சொல்றது சரிதான்," என்றார் அப்பாவு.

அவ்வளவுதான் கதை. அப்பாவு நலமாக இருக்கிறார். வாரியத்தில் அவருக்கு மறுநியமனமும் கிடைத்துவிட்டது. நீங்கள் அவர் மேல் கோபமாக இருக்கிறீர்கள், தெரிகிறது. சீ, இவனெல்லாம் ஒரு மனுசனா என்றுகூடச் சொல்லியிருப்பீர்கள். ஆனால் ஒன்று. தொடக்கத்திலிருந்து நான் எத்தனை தடவை உங்களிடம் மாட்டான்தானே, இல்லைதானே என்று கேட்டேன்? ஒரு தடவையாவது நிறுத்தி, "இருய்யா, இதெல்லாம் உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டீர்களா? தலையை ஆட்டிக்கொண்டே கூட வந்தீர்கள், நல்ல மனிதர் நீங்கள். தினேஸ்வரி கேட்டபோது நீங்களும் என்னோடு அந்த மண்டபத்துக்குள்தான் இருந்தீர்கள். அந்த மௌனம் உங்களுக்கும் கேட்டது.

உங்கள் கை அப்போது எங்கே இருந்தது?